பாதி ஆரஞ்சு

இஸ்திரிப் பெட்டி இடுப்புப் பட்டியருகே வந்ததும் சின்னவளின் கை நின்றுவிட்டது. அக்காவின் கருநீல உடுப்பில் பழைய கொக்கி இருந்த இடத்தில் நூல் பிரிந்த புள்ளிகள் மட்டும் இருந்தன. அங்கிருந்து மூன்று விரற்கடை தள்ளிப் புதுக் கொக்கி. போன மழைக்காலத்தில் அவளே தைத்துக் கொடுத்தது. "வயித்துக்குள்ள யாரோ பந்து வச்சு ஊதறாங்கடி. சாயங்காலம் ஆனா என் உடுப்பு எனக்கே பத்தறதில்ல" என்று அக்கா சொல்ல, "புள்ள பெத்துக்கற வயசா உனக்கு" என்று இவள் கேலி செய்ய, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைத்துவிட்டுத் தேடினார்கள்.

இன்று அந்த உடுப்பில்தான் அக்காவைக் கொண்டுபோகப் போகிறார்கள். முன்னறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

சின்னவளுக்கு இஸ்திரி ஒன்றும் புதிதில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக்கூடத்தில் நீராவி இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள். ஆனாலும் அந்த ஒரு மடிப்பு நேராக வரவே மாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்து உடம்புக்குள் குப்பென்று சூடு ஏறி, கழுத்தும் முதுகும் நனைந்துபோயின. சனியன், துக்கவீட்டில்கூட நேரங்காலம் பார்க்காமல் வருகிறது. 'அக்கா, வந்துடுச்சு பாரு' என்று நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். அதைக் கேட்க வேண்டியவள் முன்னறையில் கண்மூடிக் கிடந்தாள்.

அக்காவின் மகள் உள்ளே வந்தாள். கையில் அம்மாவின் ஃபோன்.

"சித்தி, நேத்துக் காலைல ஏழு அஞ்சுக்கு அம்மா உங்களுக்குத்தான் பேசியிருக்காங்க. நாலு நிமிஷம்."

"ஆமாம்மா."

"என்ன சொன்னாங்க?"

"எப்பவும் பேசறதுதான். வயித்தைப் பத்தி."

பெண் தலையாட்டினாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "ஆஸ்பத்திரில அந்த டாக்டர் சொன்னார் சித்தி. இந்த வயசுப் பொம்பளைங்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியாவே வராதாம். அஜீரணம் மாதிரி, புளிச்சு மேல வர்ற மாதிரி வருமாம். ஒரு அரைமணி முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாமாம்."

அரைமணி. சின்னவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உடுப்பை உதறி மடித்து அவள் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

அந்த அரைமணிக்குப் பெரிய கதை இருக்கிறது.

மூன்று வருஷம் முன்பு, மாதாமாதம் வருவது முதலில் அக்காவுக்கு நின்றது. விட்டது சனி என்று கை தட்டிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் சின்னவளுக்கும் நின்றது. அதற்குப் பிறகுதான் வயிறு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நேற்றுவரை கல்லைத் தின்றாலும் செரித்த வயிறு, இரண்டு வாய் பருப்பு போனதும் மத்தளமாகிவிடும். ஏப்பம், எரிச்சல், பொருமல், மூன்று நாள் அடைத்துக்கொண்டு நாலாவது நாள் ஓட்டம். டாக்டர்கள் மாத்திரை எழுதினார்கள். ஒருவர் "வயசாகுதில்ல" என்றார். இன்னொருவர் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

அக்கா பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வகத்தில் உதவியாளர். அவளிடமா வயிறு வாலாட்டுவது? ஒரு நீள நோட்டை எடுத்து அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றுக்கு மேல் 'நான்', மற்றதற்கு மேல் 'சின்னி'. சட்டமும் அவளே போட்டாள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். அதை முதலில் அக்கா சாப்பிட்டுப் பார்ப்பாள். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை யாரும் பயப்படக் கூடாது, மாத்திரை போடக் கூடாது. அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் மீதிப் பாதியை டப்பாவில் போட்டு, ஆய்வகத்துப் புட்டிகளுக்கு ஒட்டுவதுபோல வெள்ளைத் தாளில் தேதி எழுதி ஒட்டி, சின்னவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"ஏன், எப்பவும் நீயே முதல்ல?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "எலி நானா இருந்துட்டுப் போறேன். நீ நின்னுக்கிட்டே வேலை செய்யறவ. பொருமிக்கிட்டு எப்படி நிப்ப?" என்றாள்.

பால் தோற்றது. வெள்ளரி தோற்றது. முட்டைகோஸ் தோற்ற அன்று அக்கா ஆய்வகத்தில் மாணவிகள் நடுவே நின்று பட்ட பாட்டை ஃபோனில் சொல்லக் கேட்டு, சின்னவள் சலவைக்கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூசணி ஜெயித்தது. வேகவைத்த பேரிக்காய் ஜெயித்தது. தினமும் பதினொன்று பத்துக்கு நீராவி இயந்திரம் ஆறப் பதினைந்து நிமிஷம் நிறுத்துவார்கள். அந்தப் பதினைந்து நிமிஷமும் அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே பேச்சு. லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான் எத்தனை மாடி ஆழமுள்ள குழிக்குள்ளும் சிரித்த முகமாக இறங்குகிற மனிதர். இவர்கள் வயிற்றுப் பேச்சு ஆரம்பித்தால் மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

ஆரஞ்சைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் புளிப்பு காரணமில்லை, ஆசைதான். சின்ன வயதில் ஒரு பழத்தை இரண்டாகப் பிட்டுத் தின்றவர்கள். தோற்றுவிட்டால் ஆயுசுக்கும் இல்லை என்று எழுத வேண்டி வருமே என்று மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டார்கள். கடைகளில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் அக்கா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டே கடந்துபோவாள்.

நேற்றுக் காலை ஏழு ஐந்துக்கு ஃபோன் மணி அடித்தது.

"சின்னி, எழுந்துட்டியா? ஆரஞ்சைச் சாப்பிட்டுட்டேன்டி."

"சொல்லாம கொள்ளாமயா? என்ன பண்ணுது?"

"நெஞ்சுக்குழில என்னவோ அடைச்ச மாதிரி இருக்கு. தாடை வரைக்கும் இழுக்குது. வேர்த்துக் கொட்டுது."

"வேர்க்கறது நமக்குப் புதுசா? வெறும் வயித்துல புளிப்பைப் போட்டா ஏறத்தான் செய்யும். போன மாசம் எனக்குத் தக்காளில இப்படித்தான் இருந்துச்சு."

"இது வேற மாதிரி இருக்குடி."

"முள்ளங்கிக்கும் நீ இதையேதான் சொன்ன. சட்டம் போட்டவளே மீறலாமா? உக்காந்து அரைமணி பாரு."

அந்தப் பக்கம் அக்கா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நீ சொல்ற. பாக்கறேன். உன் பாதி ஃப்ரிட்ஜுல இருக்கு. ஜெயிச்சா கொண்டு வரேன்" என்றாள்.

ஏழே முக்காலுக்கு அத்தான் சமையலறைக்குப் போனபோது அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முன்னால் நோட்டு திறந்து கிடந்தது.

இதைச் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் "ஒரு அறிகுறியும் இல்லையா?" என்று கேட்டபோது எல்லாரோடும் சேர்ந்து தலையை ஆட்டினாள். இன்று அக்காவை வண்டியில் ஏற்றியபோது ஆட்டினாள், எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோதும் ஆட்டினாள். ஆரஞ்சாக இருந்தால் நான் சொன்னது சரி, நெஞ்சாக இருந்தால் என் அக்காவை நானே உட்கார வைத்துச் சாகவிட்டேன். இதே இரண்டு வரி நேற்றிலிருந்து அவள் மண்டைக்குள் மாறி மாறி ஓடின. டாக்டர் சொன்ன பிறகும் மனசு ஆரஞ்சைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். மகள் அறைக்குள் அசந்து தூங்கிவிட்டாள். சின்னவள் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் வந்து அக்காவின் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கையில் இன்னும் கிரீஸ் கறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் குளித்தால் போகும் கறை அது.

"நீயும் ஏதாவது சாப்பிடும்மா. காலைலேருந்து பட்டினி."

"அத்தான்." அவள் குழாயை மூடினாள். "அவ என்கிட்டதான் முதல்ல கேட்டா. நெஞ்சு அடைக்குதுன்னா. வேற மாதிரி இருக்குன்னா. நான்தான் கேலி பண்ணி அரைமணி பாருன்னேன். நான் உங்களைக் கூப்பிடச் சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா."

சொல்லி முடித்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அத்தான் மேசையில் இருந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த ரூம்லதான் இருந்தேன்" என்றார் கடைசியில். "பத்தடி. ஒரு குரல் குடுத்தா கேக்கும். என்கிட்ட கேக்கல பாரு." நோட்டின் மூலையை விரலால் நீவிவிட்டார். "மூணு வருஷமா நான் எழுந்து எழுந்து போனா அவ எப்படிக் கேப்பா? உன்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசறது சுவரைத் தாண்டிக் கேக்கும். என்னதான் இருக்கு அதுல அவ்வளவு சிரிக்கன்னு நினைப்பேன். வந்து உக்காந்து கேட்டிருக்கலாம்."

சின்னவள் அழுதாள். நேற்றிலிருந்து எல்லார் முன்னாலும் அழுத அழுகை வேறு, இது வேறு.

"பொண்ணுகிட்டயும் சொல்லிடு" என்றார் அத்தான், அழுகை அடங்கியதும். "நாளைக்குச் சொல்லு. அவளுக்குத் தெரியணும். அப்புறம், நீ இந்த வாரமே நெஞ்சைக் காட்டிட்டு வந்துடு. நான் கூட்டிட்டுப் போறேன்." நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல அவ ஒண்ணும் எழுதல. ஆரஞ்சு அவளுக்கு ஒத்துக்கிச்சா இல்லையா?"

கடைசி வரி அக்காவின் கையெழுத்தில் குண்டு குண்டாக இருந்தது. ஆரஞ்சு, 5 சுளை, காலை 6.55. 'நான்' கட்டம் காலி. 'சின்னி' கட்டமும் காலி.

சின்னவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவுப் பக்கத்தில் சின்ன டப்பா. வெள்ளைத் தாள், தேதி, 'சின்னிக்கு - பாதி'. மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. வெள்ளை நாரெல்லாம் உரித்து, ஒவ்வொரு சுளையாகப் பிரித்து வைத்திருந்தாள். பழம் உரிப்பதற்கென்றே நகம் வெட்டாமல் வைத்திருப்பவள் அக்கா.

மேசையில் வைத்து எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். ஆறு.

"பாதின்னு எழுதியிருக்கா. ஆறு இருக்கு" என்றாள்.

"அவ எப்ப சரியாப் பங்கு போட்டா?" என்றார் அத்தான்.

சமையலறைக் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. அக்காவுடையதைப் போலவே வெறும் வயிறு. சின்னவள் ஒரு சுளையை வாயில் போட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. புளிப்பு குறைச்சல், நல்ல இனிப்பு. மூன்று வருஷத்துக்கப்புறம். ஐந்து சுளை தின்றாள், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தான் எழுந்து போகவில்லை. அடுத்த அறையில் டி.வி. அணைந்தே கிடந்தது. அவரும் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

எரிய வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். நெஞ்சுக்குழியில் ஒரு சின்ன எரிச்சல் வந்தால் போதும், ஒரு ஏப்பம், ஒரு பொருமல். ஐந்து மணி ஆனது. ஐந்து பத்து ஆனது. தெருவில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். வயிறு சின்னப் பிள்ளையின் வயிறுபோல மெத்தென்று சும்மா கிடந்தது.

ஐந்தே கால்.

"என்ன பண்ணுது?" என்றார் அத்தான். மூன்று வருஷத்தில் அவர் அதைக் கேட்பது முதல் தடவை.

"ஒண்ணும் பண்ணல அத்தான்."

அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆரஞ்சின் மேல் தப்பே இல்லை. ஆரஞ்சு ஜெயித்துவிட்டது. இதை ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அவள் உடம்பெல்லாம் தவித்தது. சொன்னால் அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்கும், கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கிவிடுவாள்.

பேனாவை எடுத்துத் தன் கட்டத்தில் 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்தைத் தொடவில்லை.

டப்பாவில் ஒரு சுளை மீதி இருந்தது. அதை எடுத்து அத்தான் முன்னால் நீட்டினாள். அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அரைமணியா?"

"அரைமணி."

அத்தான் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார்.