கிரீடம் இல்லாத பேட்ஜ்

மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் கிச்சா என்றால் பழைய ராணுவ பேட்ஜ் சேர்க்கிறவர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எழுபத்தைந்து வயசு. அச்சில் வார்த்தபடியே இருக்கும் பேட்ஜ் அவருக்கு வேண்டாம். எவனோ ஒரு சிப்பாய் தன் கையால் வெட்டி, அராவி, பற்றவைத்து மாற்றியதாக இருக்க வேண்டும். ஊரெல்லாம் ஒழுங்கைத் தேடினால் இந்த மனுஷர் கோணலைத் தேடுவார்.

புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான். “முகத்தைப் பாக்காதேங்கோ, முதுகைப் பாருங்கோ.” தொப்பியில் மாட்டுவதற்காக பேட்ஜின் பின்பக்கம் இரண்டு சின்ன வளையங்கள் இருக்கும். காது என்பார்கள். காது எப்படி இருக்கிறது, அரம் எங்கே ஓடியிருக்கிறது என்று பார்த்தால், மாற்றியவன் எதற்காக மாற்றினான் என்பது பாதி தெரிந்துவிடும்.

கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சிவப்பு வெல்வெட்டில் அப்பாவின் பேட்ஜ் இருந்தது. ஒரு நட்சத்திரம், உச்சியில் கிரீடம் இருந்த இடம் மொட்டை. நாடு குடியரசான அன்றைக்கு வெள்ளைக்காரன் கிரீடத்தை அப்பா தன் கையாலேயே அராவித் தள்ளினார் என்பது கிச்சாவின் கதை. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா போன பிறகு அம்மா பேட்ஜை எடுத்துக் கொடுத்தாள், இவராக ஊகித்தார், சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிட்டது. முனைகள் ஏன் மழுங்கியிருக்கின்றன என்று கேட்டால், தினம் பாலிஷ் போட்டுத் தேய்ந்தது என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

பாவம், அந்தக் கதை அவருக்கு வேண்டியிருந்தது. ஹவில்தார் அப்பா வீட்டிலும் ஹவில்தார்தான். பேச்செல்லாம் உத்தரவு. அவர் தன்னைத் தூக்கியதாகவோ, தலையைத் தடவியதாகவோ கிச்சாவுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. அன்புக்குப் பதில் பெருமையாவது இருக்கட்டும் என்று அந்த மொட்டைக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார்.

தி.நகரில் ஒரு கண்காட்சிக்கு அந்த பேட்ஜைக் கேட்டிருந்தார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் படம் வேண்டுமாம். படம் எடுக்க, முப்பது வருஷ சிநேகிதரும் போட்டியாளருமான அப்துல் கஃபார் வந்தார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

“பின்பக்கம் எப்படி இருக்கும்?”

“ஞாபகம் இல்லை. இருபது வயசுல, முதுகைப் பாக்கணும்னெல்லாம் தெரியாத காலத்துல, அவசரமா கோந்து போட்டு ஒட்டினேன். அப்புறம் எடுக்கவே இல்லை.”

கஃபார் சிரித்தார். “ஊருக்குத்தான் உபதேசமா, கிச்சா?”

கிச்சா சட்டத்தைப் பிரித்தார். வெந்நீரில் நனைத்த துணியை வைத்துக் கோந்தை இளக்கி, பேட்ஜை மெதுவாகப் பிரித்துத் திருப்பினார்.

காது இரண்டும் இல்லை. அடியோடு வெட்டி, வெட்டிய இடத்தைக் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தது. நடுவில் ஒரு ஊக்கு பற்றவைத்திருந்தது. காது இல்லாத பேட்ஜைத் தொப்பியில் மாட்ட முடியாது. அப்படியானால் கிரீடத்தை அராவிய பிறகு அப்பா அதை ராணுவத்தில் அணியவே இல்லை.

கஃபார் லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார். “முன்னாடி, பின்னாடி, நட்சத்திர முனை, எல்லாம் ஒரே அரம். பாலிஷ்ல தேஞ்சது இல்லை இது. கிரீடத்து மேல ஊசி மாதிரி ஒரு சிலுவை இருக்கும், அதுவும் போயிருக்கு. குத்துற இடம் ஒண்ணு விடல.” பிறகு ஊக்கின் இடுக்கைக் காட்டினார். “இது என்ன, கம்பளி நூலா?”

கிச்சா திரும்பிச் சுவரைப் பார்த்தார். சட்டம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குன்னூர் ஸ்டுடியோவில் எடுத்த படம். அப்பாவுக்கு அந்த மலையிலேயே, வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை, நல்ல குளிர். அம்மா மடியில் கம்பளிக் குல்லாவோடு ஒரு வயசுக் கிச்சா. குல்லாவின் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. படம் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். படத்தைக் கழற்றி லென்ஸை வைத்தார். ஐந்து மழுங்கிய முனைகள். உச்சி மொட்டை.

“கஃபார், குழந்தைக்குக் குத்தக் கூடாதுன்னு அராவியிருக்கார்,” என்றார். குரல் உடைந்தது. அழுகிறோமே என்று அவர் வெட்கப்படவும் இல்லை.

“கண்காட்சிக் குறிப்புல என்ன எழுதட்டும்?” என்று கஃபார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அதை இனிமே குடுக்கறதா இல்லை.”

கஃபார் கேமராவைப் பைக்குள் வைத்தார். கிச்சா பேட்ஜை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விளிம்பு முழுவதும் விரலால் தடவினார். பிறகு நெற்றியில் வைத்து அழுத்திப் பார்த்தார். எங்கேயும் குத்தவில்லை.