நாடாவில் பட்ட ரத்தம்

ஈறு விண்விண்ணென்று தெறித்தது. தேவயானி தாடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டே நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சியை, தறியில் குறுக்கே ஓடும் மர நாடாவில் மாட்டி, நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சினாள். நகரிப் பக்கத்துத் தறிக்கொட்டகைகளில் நூல் கோக்க இதுதான் வழி. கொக்கி தேடுகிற நேரத்தில் தறி நின்றுபோகும். காலையில் அவள் வாய் வைத்த நாடாவில் மதியத்துக்கு மேல் அவளுடைய ஓரகத்தி தாட்சாயணி வாய் வைப்பாள். அன்று நூலோடு ரத்தமும் வந்தது. தறியில் ஓடிய வெள்ளை வேட்டியில் விழுந்த சிவப்புப் பொட்டைக் கொட்டகை முதலாளி கோவர்த்தனன் பார்த்துவிட்டு, இது யார் வாய் என்று கேட்டார். முறை மாற்ற வந்த தாட்சாயணியும் அங்கேதான் நின்றாள்.

"அவதான் வெத்தல போட்டுக்கினு நாடாவ எச்சி பண்றா. அவ வாய்ச் சீக்குதான் எனக்கு ஒட்டிக்கிச்சு" என்றாள் தேவயானி. கொட்டகை முழுக்கக் கேட்டது. பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னதில் ஒரு ருசி இருந்ததும் நிஜம். தாட்சாயணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். கறை இருந்தது, புண் இல்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து தாட்சாயணிக்கு அங்கே வேலை இல்லை.

ஓரகத்தி போயும் வலி போகவில்லை. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. ஈறுக்குக் குளிர்ச்சி என்று தேவயானி ஐஸில் வைத்த கலர் சோடாவை வாங்கி வாயில் தேக்கித் தேக்கிக் குடித்தாள். சீழ் கட்டியது, பல் ஆடியது. புத்தூர் பல் டாக்டர் பல்லைத் தொடாமல் சர்க்கரை பார்த்து வரச் சொன்னபோது, பல்லைப் பிடுங்க வந்தால் ரத்தத்தைப் பிடுங்குகிறானே என்று வாசலிலேயே திட்டினாள். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கத்தினார். சர்க்கரை ஏறினால் ஈறு அழுகும், ஈறு அழுகினால் சர்க்கரை இறங்காது, இது யாரிடமிருந்தும் ஒட்டியதில்லை, வருஷக்கணக்காக உன் உடம்பிலேயே இருந்தது என்றார்.

தாட்சாயணி இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு விடிவதற்கு முன்பே வேன் ஏறுகிறாள். நாளெல்லாம் நின்றே வேலை. கால் வீங்கித்தான் திரும்புகிறாள். ஒரு விடிகாலையில் தேவயானி வேன் நிற்கிற இடத்துக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு சக்கரையாம்."

"ஊரே பேசிக்கினு கீது. இன்னாக்கா, அதுவும் என் வாயிலருந்துதான் வந்துச்சா?"

வேன் வந்து நின்றது. உள்ளே நகரிப் பெண்கள், பாதிப்பேர் பழைய தறிக்காரிகள், ஜன்னல் வழியே பார்த்தார்கள். பத்துப் பேர் கேட்கச் சொன்னதைப் பத்துப் பேர் கேட்கத்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

"பாத்து ஏறு" என்றாள் தேவயானி.

தாட்சாயணி திரும்பாமல் ஏறினாள். கதவு அறைந்து மூடிக்கொண்டது. சாலையில் டீசல் புகை கலையும்வரை தேவயானி அங்கேயே நின்றாள். தாட்சாயணியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நின்றது.