ஷிஹானின் பங்கு

உம்மா சோறு போடும்போது அகப்பை ஆள் பார்த்து நடக்கும். ஷிஹானின் பீங்கானுக்கு அது நிறைந்து வரும். கோழியின் கால் துண்டும் அவனுக்குத்தான். தங்கை றுஷ்னாவின் பீங்கானுக்கு மேலே வந்ததும் கொஞ்சம் தயங்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் மெலிந்த பிள்ளையைத்தான் கேட்கிறார்கள் என்று உம்மா எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். ஆண்பிள்ளை என்றால் தின்ன வேண்டும். அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைப் பார்த்த மாடி வீடு அது. அண்ணனும் தங்கையும் பால்கனியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு மாதமாக அங்கே வேறொன்று நடந்துவந்தது. ரயில் இரைந்துகொண்டு போகும்போது ஷிஹான் தன் சோற்றை அப்படியே தங்கையின் பீங்கானுக்குத் தள்ளிவிடுவான். அவன் போகிற பாமன்கடை ஜிம்மில் உடற்கட்டுப் போட்டி வரப்போகிறது. தசை எடுப்பாகத் தெரிய, தோலுக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கக் கூடாதாம்.

“உம்மாட்ட சொல்லிராத. நீ தின்னு,” என்றான்.

றுஷ்னா தின்றாள். எப்போதும் பாதிப் பசியோடு எழும்புகிறவள் அவள். கால் துண்டை எலும்பு வரைக்கும் சுவைத்துத் தின்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

பயம் மெல்லத்தான் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவன் விரல்கள் நடுங்கியதை ஒரு நாள் கண்டாள். பிறகு, துவைக்கப் போட்ட காற்சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை. கேட்டதற்கு உடம்பிலிருந்து தண்ணீர் போகிற மாத்திரை என்றான், ஜிம்மில் எல்லோரும் போடுவதுதான் என்றான். சொல்லும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து ரயில் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவள் அவன் விரல்களைப் பார்ப்பாள். உம்மாவிடம் சொல்லலாம். அப்படியானால் இவ்வளவு நாளும் அந்தச் சோற்றைத் தின்றது யார் என்று உம்மா கேட்பாளே.

சிற்றப்பா முறையான ஜாபிர் சாச்சாவின் மகனுக்குக் கலியாணம் முடிந்து, வலீமா விருந்துக்கு எல்லோரும் போனார்கள். மண்டபத்தை வெள்ளைத் திரை ஒன்று இரண்டாகப் பிரித்திருந்தது. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். சஹன் தட்டுகள் வந்தன. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, தன் தன் முன்னால் உள்ள பிரியாணியைக் கையால் எடுத்துத் தின்பார்கள்.

“இப்ப கொஞ்சமாத் தின்னு புள்ள,” என்று நஸ்லா மாமி றுஷ்னாவின் முன்னால் இருந்த இறைச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கலியாணம் முடிஞ்சா எங்களப் போல தின்னலாம்.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரைக்கு அப்பால் ஜாபிர் சாச்சாவின் குரல் கேட்டது. “எறச்சிய ஷிஹான்ட பக்கம் தள்ளுங்க. அவன் ஒத்தையா ஒரு சஹன முடிப்பான்.”

றுஷ்னாவின் கை தட்டிலேயே நின்றது. திரை லேசாக அசைந்தது, காற்றோ யாருடைய தோளோ. அவள் காது கொடுத்திருந்தாள். ஷிஹான் நானாவின் குரல் மட்டும் வரவில்லை. பிறகு தட்டு ஒன்று தரையில் மோதியது.

தொண்டையில் அடைத்துவிட்டது, முதுகில் தட்டு, சோடா கொண்டு வா என்று ஆண்கள் கத்தினார்கள்.

அந்தத் திரையைத் தாண்டி எந்தப் பெண்ணும் போவதில்லை. றுஷ்னா அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஷிஹான் ஒருக்களித்துக் கிடந்தான். உதடுகள் சாம்பல் நிறம். ஜாபிர் சாச்சா அவன் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். அவசரக்காரன், மெதுவாகத் தின்னச் சொன்னேனே என்றார். சரிந்த தட்டில் ஷிஹானின் பக்கம் மட்டும் யாருடைய விரலும் படாமல் குவிந்திருந்தது. சுற்றி இருந்த ஐந்து பேரும் அதைப் பார்க்கவில்லை.

“அடைக்கல்ல சாச்சா,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “நானா தின்னவே இல்ல. வீட்டிலயும் தின்றல்ல. அவர்ட சோத்த நான்தான் தின்ட, ஒரு மாசமா. தண்ணி போற மாத்திரையும் போட்டவர்.”

தட்டிய கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் திரையருகே உம்மா நிற்பதைக் கண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாபிர் சாச்சாவிடம் சிங்களத்தில் சொன்னார். உடம்பில் உப்புகள் இறங்கி இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. மாத்திரையைப் பற்றித் தெரிந்ததால் மருந்து பிந்தவில்லை. இனிப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷிஹானின் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் விட்டு விட்டுச் சத்தமிட்டது.

உம்மா ஏசவில்லை. யாரோ மண்டபத்திலிருந்து கொண்டுவந்த பார்சலை மடியில் வைத்துப் பிரித்தாள். கால் துண்டை எடுத்து றுஷ்னாவின் கையில் வைத்தாள்.

“தின்னு. நான் பாக்கணும்.”

உம்மாவின் கண் அவள் வாயை விட்டு அசையவில்லை. றுஷ்னா ஒரு வாய் கடித்தாள். மென்றாள். மெஷினின் அடுத்த சத்தம் வரட்டும், அதற்குப் பிறகு விழுங்கலாம் என்று காத்திருந்தாள்.