இங்கே குப்பை கொட்டுங்கள்

மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பது என் மனைவிக்குத் தொழில். போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து அதைக் கற்றுக்கொடுப்பது வியாதி. வகுப்பு நடந்தது நகராட்சியின் பழைய சாமான் அறையில். அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார்: ஊர்ச் சுவர்களில் ஒட்ட "இங்கே குப்பை கொட்டாதீர்கள்" என்று அச்சடித்துத் தர வேண்டும். சொதப்பினால் அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

செதுக்கியவர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எங்களுக்கு ரிவர்ஸ் மாமா. இவள் காய்ச்சலில் கிடந்தபோது அவரே அச்சடித்து, நகராட்சி வாசலில் தொடங்கி அவரே ஒட்டியும்விட்டார். எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாசகம்தான், "இங்கே குப்பை கொட்டுங்கள்."

மக்கள் சட்டத்துக்கு இவ்வளவு கட்டுப்படுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. நகராட்சி வாசலில் மெத்தை, கட்டில், உடைந்த கழிப்பறைப் பீங்கான் எல்லாம் வரிசையில் நின்று கொட்டினார்கள்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"அச்சுல எல்லாம் திரும்பி விழும், திருப்பித்தான் வெட்டணும்னு நீதானம்மா சொன்னே? எழுத்தையும் திருப்பினேன், அர்த்தத்தையும் திருப்பினேன்."

"அச்செடுத்ததும் படிக்கலையா?"

"கண்ணாடி வீட்ல இருந்துச்சு."

அதிகாரி குதித்துக்கொண்டு வந்தார். "சாவியக் குடுங்கம்மா! இத்தன வருஷமா இந்த ஆபீஸ்ல குப்பை கொட்டறேன், இப்படி ஒரு கூத்தப் பார்த்ததில்ல!"

"அப்போ நோட்டீஸ் சரியாத்தானே சார் இருக்கு?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவள் ஒரு கட்டையையும் உளியையும் அவர்முன் வைத்தாள்.

"போறதுக்கு முன்னாடி நீங்களே சரியா ஒண்ணு வெட்டிக் குடுத்துடுங்க சார்."

கோபத்திலேயே உட்கார்ந்தார். அச்சில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி வந்தது. "இன்னொரு கட்டை குடுங்க" என்றார். அதில் புள்ளிகளைக் காணோம். இருட்டியதும் கதவைப் பூட்டி, சாவியோடு போய்விட்டார்.

இவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் சாமான்களை அள்ளிவரப் போனோம். அறை திறந்திருந்தது. மூக்கில் மையோடு அதிகாரி கட்டையில் குனிந்திருந்தார்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு? 'கொட்டாதீர்கள்'ல 'தீ' மட்டும் வரவே மாட்டேங்குது."

கதவில் மாமாவின் நோட்டீஸை ஒட்டியிருந்தார். இவள் அதை ஒருமுறை படித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.