நாலாவது தேசிக்காய்

மூடநம்பிக்கை என்னும் நோயிலிருந்து பூரணமாகக் குணமடைந்த முதலாவது யாழ்ப்பாணத்தான் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மருத்துவத் தகவலாகச் சொல்கிறேன். பல்லி சொன்னதற்காக நான் ஒரு நாளும் பயணத்தை நிறுத்தியதில்லை. ரொறன்ரோவில் பல்லி இல்லாதபடியால் இந்தச் சாதனை கொஞ்சம் இலகுவாக அமைந்துவிட்டது என்று என் தங்கை சொல்லுவாள். அவளுக்கு இன்னும் குணமாகவில்லை.

கல்லூரிப் பத்திரிகையில் இதைப்பற்றி மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தேன். புதுக் காருக்குக் கோயிலில் பூசை செய்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காயை, எங்கள் பாஷையில் தேசிக்காயை, வைத்து நசிக்கும் எங்கள் சனத்தைப்பற்றி நான் எழுதிய கட்டுரைக்குத் தனி மவுசு இருந்தது. பிரேக்கும் இன்சூரன்சும் இருக்கிற நாட்டில் தேசிக்காய்க்கு என்ன வேலை என்று கேட்டிருந்தேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அதை வெற்றியென்று எடுத்துக்கொண்டேன்.

1997 பெப்ரவரியில் 'நோர்த் குவாரி' வந்தது. வேல்ஸின் வடக்கில், மலையை வெட்டிக் கூரைக்குப் போடும் சிலேற் கல் எடுக்கும் ஊரொன்றிலிருந்து கிளம்பிய நாலு பேர் கொண்ட றொக் குழு. கிராமத்து மண்டபங்களில் தொடங்கி, பழைய பால் வானொன்றில் பிரித்தானியா முழுக்கச் சுற்றி, ஜேர்மனி, ஜப்பான் வரை போய் வாசித்தவர்கள். ரொறன்ரோ மட்டும் அவர்களுக்குச் சரிவரவில்லை. 93இல் இங்கே வருவதற்கு முதல் கிழமை சிக்காகோவில் டிறம்ஸ்காரன் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். 95இல் யாரோ ஒரு பத்திரத்தை ஹொட்டலில் மறந்துவிட்டு வந்து எல்லையில் திரும்பிப்போனார்கள். இது மூன்றாந்தரம். இதுவும் தவறினால் இனிக் கனடாவே இல்லை என்று றெக்கோர்ட் கொம்பனி சொல்லியிருந்தது.

இதையெல்லாம் எனக்குத் தொலைபேசியில் சொன்னவள் கெரி. குழுவின் பயணங்களை நடத்துகிறவள். பத்திரிகைக்குப் பேட்டி கேட்டு நான் எடுத்த அழைப்பில், ஒழுங்குசெய்த வான் கடைசி நேரத்தில் கைவிட்டதென்று அவள் புலம்ப, என் வாய் சும்மா இருக்காமல், "என்னுடைய அண்ணனிடம் வான் இருக்கிறது" என்றது.

அண்ணன் என்றது பெரியப்பாவின் மகன் அன்புராசாவை. அவர் அதுவரை ஒரு பேக்கரியின் வானைத்தான் ஓடிக்கொண்டிருந்தார். சொந்த வான் என்பது முந்தின நாள்தான் வாங்கியது, பழையது, வெள்ளை. ரொறன்ரோ வேலை ஒழுங்காக முடிந்தால் ஒட்டாவா, மொன்றியல், ஹலிஃபக்ஸ் வரை முழுப் பயணமும் அவருக்கே என்று கெரி சொல்லியிருந்தாள். அண்ணை அதைக் கேட்டதும் பேக்கரிச் சட்டையைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டார், திருப்பிக் கொடுக்க.

விமான நிலையத்தில் கிற்றார்களையும் டிறம்ஸையும் வானில் ஏற்றினோம். பாடகன் றீஸ் தன் கிற்றார்ப் பெட்டியை என் கையில் தரும்போது, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சிலேற் துண்டை எடுத்துக் காட்டினான். அப்பா வேலை செய்த மலைக் கல். அதைத் தொடாமல் அவன் மேடை ஏறுவதில்லையாம். ஒரே ஒரு தடவை அதை விட்டுவிட்டுப் போன இடம் சிக்காகோ.

நான் பயபக்தியுடன் குறித்துக்கொண்டேன்: தொன்மையான கெல்ற்றிக் மரபு.

அவர்கள் ரக்சியில் டவுன்ரவுனுக்குப் போனார்கள். ஆறு மணிக்குள் சாமான் மேடையில் இருக்கவேண்டும். பத்து மணிக்கு அதே ஹோல் டான்ஸ் கிளப்பாக மாறிவிடும் என்பதால் பிந்தித் தொடங்க வழியில்லை. எங்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது. 401 நெடுஞ்சாலையில் இறங்கவேண்டிய இடம் கடந்து போகும்வரை.

"அண்ணை, எக்ஸிற்றை விட்டிட்டியள்."

"விடேல்லை. வேணுமெண்டுதான் வாறன்."

"ஹோல் தெற்கை. நீங்கள் வடக்கை போறியள்."

"பேவியூவாலை ஏறிப் பிள்ளையாரிட்டை ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு இறங்கிறன். பூசை செய்யாத வானிலை ஆரின்ரையோ சாமானை ஏத்தினதே பிழை."

"வெள்ளைக்காரன்ரை கிற்றாரை வச்சுக்கொண்டு கோயிலுக்கோ?"

"ஏன், பிள்ளையார் கிற்றார் காணேல்லையோ? உந்தக் குழுவுக்கு இந்த ஊரிலை ரெண்டுதரம் தடக்கினது எண்டு நீதானே சொன்னனி. பூசை ஆருக்குத் தேவை எண்டு நீயே யோசி."

றிச்மண்ட் ஹில் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பனி வழித்த இடமெல்லாம் கார்கள். அண்ணை பொறுமையில்லாமல், வழிக்காத ஓரத்துக்கு வானைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஐயர் ஜக்கெற்றுக்கு மேலே சால்வையோடு வந்து, தேங்காய் உடைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே சந்தனம் வைத்தார். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். நான் பின் வலது சில்லுப் பக்கம் நின்றேன். என் அடுத்த கட்டுரைக்கு ஒரு சான்றுப்பொருள் இருந்தால் நல்லது என்று தோன்றியது. எல்லோரும் கண்மூடிக் கும்பிட்ட நேரத்தில் குனிந்து அந்தத் தேசிக்காயை எடுத்து ஜக்கெற் பையில் போட்டேன்.

"முன்னுக்கு எடுங்கோ" என்றார் ஐயர்.

மூன்று தேசிக்காய் நசிந்தன. வான் இரண்டடி முன்னால் போய்க் கண்ணாடி போன்ற உறைபனியில் இறங்கி நின்றது. அண்ணை அக்சிலேற்றரை அழுத்தினார். பின் வலது சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது.

அந்தச் சில்லுதான். மற்ற மூன்றும் உத்தமமாக நின்றன.

றிவேர்ஸ் போட்டுப் பார்த்தார். பின்னால் பனிக் குவியல். முன்னுக்கு எடுத்தார். சில்லு இன்னும் ஆழமாகக் குழி தோண்டியது. உப்புக் கொண்டுவந்து கொட்டினோம். அண்ணையின் நெற்றியில், அந்தக் குளிரில், வியர்வை துளிர்த்தது.

"நாலும் வச்சது தானே?" என்று என்னைக் கேட்டார்.

"ஐயர் வச்சவர்" என்றேன். அது உண்மை.

வேட்டிக்கு மேலே நீளக் குளிர்க்கோட் போட்ட ஒருவர் வந்தார். வீடு விற்கும் ஏஜன்ற், சண்முகலிங்கம் அங்கிள். அவர் கூப்பிட இன்னும் நாலைந்து பேர் வந்து பின்னால் கைகொடுத்தார்கள்.

"என்ன தம்பி பாரம், உள்ளுக்கை ஆரையும் கொலை செய்துபோட்டு ஏத்தியிருக்கிறியளோ?"

"டிறம்ஸ் அங்கிள்."

"தவிலோ?"

"அதின்ரை வெள்ளைக்காரச் சொந்தம்."

"அப்ப நாயனக்காரர் எங்கை?"

"டவுன்ரவுனிலை பாத்துக்கொண்டு நிக்கினம்."

தள்ளினார்கள். சில்லு உறுமி, எல்லோருடைய வேட்டியிலும் சேற்றுப்பனியை அடித்தது. வான் அசையவில்லை. "ஏலாது தம்பி, கட்டியிழுக்க ரோ றக்கைக் கூப்பிடுங்கோ" என்றார் ஒருவர். ரோ றக் வர ஒன்றரை மணித்தியாலமாகும் என்றார் இன்னொருவர், தன் கார் நின்றுபோன சரித்திரத்தோடு.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அங்கிளின் செல்போனை வாங்கினேன். "சுருக்கமாக் கதை, பற்றரி சாகுது" என்றார்.

கெரி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்கே நிற்கிறீர்கள்?"

"வடக்கே. ஒரு சடங்கு இருந்தது."

"விபத்தா?"

"இன்னும் இல்லை."

அவளுக்குப் பின்னால் யாரோ கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஆறு மணிக்குச் சாமான் இல்லையென்றால் கூட்டத்துக்குக் கதவு திறக்கமாட்டார்கள். றீஸ் மேடை ஓரத்தில் இருக்கிறான், சாப்பிட மாட்டேன் என்கிறான். இந்த ஊர் எங்களை விடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள், ஒட்டாவாவுக்கு வேறு வான் தேட எனக்கு விருப்பமில்லை."

பற்றரி செத்தது.

திரும்பி வந்தபோது அண்ணை ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். கண்ணாடியை இறக்கி, "என்னவாம்?" என்றார்.

"கெதியா வரட்டாம்."

"கோவமோ?"

"இல்லை. மரியாதையாக் கதைச்சவா."

"அப்ப சரி வராது" என்றார் அண்ணை. "தோய்ச்சு வச்ச சட்டையைத் திருப்பிப் போடவேண்டியதுதான்."

நான் ஒரு பகுத்தறிவுவாதி. பிரச்சினை உராய்வு என்று எனக்குத் தெரியும். வானுக்குள்ளிருந்த ரப்பர் விரிப்பை உருவியெடுத்துப் பின் வலது சில்லுக்கு முன்னால் செருகினேன். அண்ணை அழுத்தினார். விரிப்பு எங்களுக்கிடையால் பறந்துபோய் ஒருவரின் முழங்காலில் விழுந்தது. அவர் பிள்ளையாரை அழைத்தார். கும்பிடுகிற தொனியில் அல்ல.

"இன்னொருக்கா" என்றேன்.

"பிரயோசனமில்லை தம்பி" என்றார் அங்கிள்.

"இந்தமுறை சரியாச் செருகிறன். நீங்கள் எல்லாரும் தள்ளுற பக்கம் நில்லுங்கோ. ஒருத்தரும் இஞ்சாலை வரவேண்டாம், சில்லு அடிச்சுப்போடும்."

எல்லோரும் பின்கதவுக்குப் போனார்கள். நான் முழங்காலில் இருந்தேன். விரிப்பைச் சில்லின் பல்லுக்குள் இறுக்கி வைத்தேன். பிறகு, விரிப்பு வழுக்காமல் இருப்பதற்குக் கீழே ஏதாவது உருண்டையான, சிறிய, மெத்தென்ற பொருள் தேவைப்படலாம் என்ற விஞ்ஞானக் காரணத்தால், ஜக்கெற் பைக்குள் கையை விட்டேன்.

"என்னடா செய்யிறாய் அங்கை?" என்றார் அண்ணை.

"உராய்வு" என்றேன். "எடுங்கோ."

நான் எழும்பித் தோளைக் கொடுத்தேன். சில்லு ஒரு தரம் சுழன்றது. பிறகு 'சதக்' என்று ஒரு சின்னச் சத்தம். அது எனக்கு மட்டும் கேட்டது. வான் ஒரு எருமை எழும்புவதுபோல உன்னி எழும்பி, பனியைக் கடந்து, வழித்த தரையில் போய் நின்றது. பின்னால் நின்ற இரண்டு பேர் பிடியில்லாமல் பனியில் விழுந்தார்கள்.

"அது சரியாச் செருகினதாலை வந்தது" என்றார் சண்முகலிங்கம் அங்கிள், வேட்டியை உதறிக்கொண்டு.

"ஓம் அங்கிள்" என்றேன். விரிப்பைப் பொறுக்கும்போது அதன் கீழே ஒட்டிக்கிடந்ததையும் பொறுக்கி ஜக்கெற் பையில் போட்டேன். சான்றுப்பொருளை இடத்தில் விட்டுப்போகக் கூடாது.

டவுன்ரவுனுக்கு அண்ணை ஓடிய விதத்தை நான் எழுதப்போவதில்லை; லைசென்ஸ் அவருக்கு இன்னும் தேவை. வழியில் ஒருதரம் மூக்கை உறிஞ்சி, "என்ன, வானுக்குள்ளை தேசிக்காய் மணக்குது?" என்றார்.

"நாலு நசிச்சால் மணக்கும்தானே" என்றேன். "றோட்டைப் பாருங்கோ."

ஹோலின் பின்வாசலில் கெரி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆறுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் திட்டவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்தனத்தைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள், "நாளைக் காலை ஒட்டாவா" என்றாள். அண்ணை தலையாட்டிக்கொண்டே போய் டிறம்ஸைத் தனியாகத் தூக்கினார். இரண்டு ஆள் பாரம்.

எட்டு மணிக்கு விளக்குகள் அணைந்தன. ஹோல் நிறைந்து, ஆட்கள் ரீசேட்டோடு வியர்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேடை ஓரத்தில், எழுதுவதற்குத் தயாராக நின்றேன். என் பக்கத்தில் றீஸ், கிற்றாரைத் தோளில் போட்டபடி, முகம் வெளிறி நின்றான். டிறம்ஸ்காரன் நாலு தட்டுத் தட்டினால் அவன் உள்ளே போகவேண்டும். அவன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, கண்ணை மூடினான்.

நானும் ஜக்கெற் பைக்குள் கையை விட்டேன். குளிருக்கு.