ஒரு ஆளுக்கு சூப்

வாங்க கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. எங்க குடியிருப்பு மொத்தமும் ஒருத்தியோட வயிற்றுத் தையலை நம்பிச் சாப்பிட்ட கதை இது.

மூன்றாவது மாடியில் ஒரு சமையல்காரர் இருந்தார். பெரிய உணவகத்தில் சூப் வைப்பவர். முழங்கை மறைகிற அளவுக்குக் கரண்டியை விட்டுத் துழாவுகிற அண்டா அவருடையது. அதனால் வேலை செய்கிற இடத்தில் அவருக்கு அண்டா என்றே பேர். நாங்களும் அண்டா அண்ணன் என்றே கூப்பிட்டோம். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. "ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக்கூடாது. இருமினாலும் சிரிச்சாலும் தலையணையை வயித்துல அமுக்கிக்கணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பிள்ளைகள் இல்லாத வீடு. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

முன்பெல்லாம் உணவகத்தில் வேலை பார்க்கிறவர் லீவு கேட்டால், அப்படியே வீட்டிலேயே இருந்துகொள் என்று சொல்லிவிடுவார்கள். இப்போது அப்படியில்லை. எல்லார் சம்பளத்திலும் துளித் துளியாகக் கிள்ளி ஒரு நிதியில் சேர்த்து வைக்கிறார்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அதிலிருந்து சம்பளத்தோடு லீவு. ஒரே ஒரு நிபந்தனை. லீவில் இருப்பவர் எங்கேயும் வேலை செய்யக்கூடாது. செய்தது தெரிந்தால் லீவு அன்றோடு போச்சு. அண்ணன் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியதுதான், அண்ணி வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

அண்ணன் லீவு எடுத்தார். உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது, பழக்கம் உணவகத்திலேயே நின்றுவிட்டது. ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்து வந்தாலும், "சூடு, சூடு, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே வருவார்.

"நான் எங்கங்க வழி விடறது? படுத்துல்ல கிடக்கேன்" என்பாள் அண்ணி.

"வாய் தானா வருதும்மா."

"சிரிக்க வைக்காதீங்க, தையல் பிச்சுக்கும்" என்று அவள் தலையணையைக் கட்டிக்கொள்வாள்.

முதல் நாளே அவளுக்கு சூப் வைத்தார். மதியத்துக்குள் எங்கள் எல்லார் கதவையும் தட்டிவிட்டார். "தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு பாத்திரம் கொண்டாங்க." கொஞ்சம் என்றால் நாற்பது பேருக்கு. "கீழ கொட்டினீங்கன்னா நான் எழுந்து வந்து கழுவுவேன்" என்று அண்ணி மிரட்டியிருக்கிறாள். அதனால்தான் ஊருக்குப் பங்கு.

மறுநாளும் கூடிப்போனது. அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு அவர் கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. பாத்திரங்களோடு படிக்கட்டில் நாங்களே நின்றோம். காசு என்று யாரும் நீட்டவும் இல்லை, நீட்டியிருந்தால் அவர் வாங்கியிருக்கவும் மாட்டார். என் தூக்குவாளியும் அந்த வரிசையில் இருந்தது. அப்படி ஒரு சூப்பை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

உணவகத்திலோ முதலாளியே சூப் வைக்க இறங்கிவிட்டார். பாதி விரல்களில் கட்டு, சட்டையெல்லாம் கறை. வந்தவர்கள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். இந்த நேரத்தில், அண்டா வீட்டில் படிக்கட்டு வரைக்கும் வரிசை நிற்கிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. அந்த நிதியைக் கவனிக்கிற லீவு அலுவலகத்துக்கு நேராகப் போய், அங்கிருந்த அதிகாரியம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் வரிசையில் நிற்கும்போதுதான் இரண்டு பேரும் மேலே ஏறினார்கள்.

"பார்த்துக்குங்க மேடம். லீவு என் கடைக்கு, வியாபாரம் இவர் வீட்ல" என்றார் முதலாளி.

"வியாபாரமெல்லாம் இல்லைங்கம்மா. இவளுக்குத்தான் வச்சேன்" என்றார் அண்ணன்.

அதிகாரியம்மா கட்டிலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நோயாளி ஒருத்தர். பாத்திரம் எத்தனை நிக்குது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு ஆளுக்கு வைக்க எனக்குத் தெரியாதுங்க."

"இத்தனை வருஷம் சமையல்காரரா இருக்கீங்க, தெரியாதுங்கறீங்க?"

"நடிக்கிறான் மேடம்" என்றார் முதலாளி.

"சரி. என் கண்ணு முன்னாடி ஒரு ஆளுக்கு வச்சுக் காட்டுங்க. முடிஞ்சா, இத்தனை நாள் வேணும்னே கூடுதலா வச்சிருக்கீங்கன்னு எழுதுவேன். லீவு நின்னுடும்."

அண்ணி தலையணையை இறுக்கிக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அவள் பார்வை, அறை மூலையில் இருந்த வாளி மேல் போனது.

அண்ணன் பால் காய்ச்சுகிற பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். நாலு காய் நறுக்கினார், கொதிக்க விட்டார். எல்லாம் சரியாகவே போயிற்று. உப்பு ஜாடிக்குள் கை போனது பாருங்க, அங்கேதான் கெட்டது. அந்தக் கைக்கு அண்டா தெரியும், பால் பாத்திரம் தெரியாது. ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டது.

அதிகாரியம்மா ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேணும்னே கெடுக்கிறான்" என்றார் முதலாளி.

அண்ணன் காதில் அது விழவில்லை. உப்புக் கரிக்கிற சூப்பைப் பார்த்ததும் லீவு, அதிகாரி எல்லாம் மறந்துபோய்விட்டது. தண்ணீர் ஊற்றினார். பாத்திரம் வழிந்தது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினார். இப்போது நீர்த்துப்போனது. உருளைக்கிழங்கு போட்டார். கிழங்குக்கு மிளகு போதவில்லை. அள்ளினார். காரத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்குக் காய், காய்க்கு இன்னும் பெரிய பாத்திரம். "சூடு, சூடு, வழி விடுங்க" என்று அவர் திரும்ப, அதிகாரியம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கடைசியில் கட்டிலுக்கடியில் கிடந்த அண்டாவே வெளியே வந்தது.

அண்ணியால் தாங்க முடியவில்லை. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "மேடம், தினமும் இப்படித்தாங்க. எனக்கு ஒரு கிண்ணம் வர்றதுக்குள்ள ஊருக்கே பந்தி வச்சிடறாரு."

அண்டா கொதித்து அடங்கியதும், வழக்கப்படி ஆளுக்கொரு கிண்ணம். அதிகாரியம்மா குடித்தார். முதலாளி வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே கையை நீட்டினார். ஒரு கிண்ணம் முடித்தார். இன்னொரு கிண்ணமும் முடித்தார். கட்டுப் போட்ட விரலால் ஓரத்தை வழித்தும் நக்கினார்.

"இன்னும் நடிப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

முதலாளி இல்லை என்று தலையை ஆட்டினார். வாய் நிறைய கிழங்கு.

"இங்க நடக்கிறது கவனிப்புதான். மிச்சம் கை தவறினது" என்று சொல்லி அந்த அம்மா எழுந்தார். படி இறங்கப் போனவர் திரும்பி, "மூடி போட்ட பாத்திரம் ஏதாவது இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இறங்கும்போது முதலாளி அண்ணி பக்கம் நின்றார். "எப்பம்மா எழுந்திரிப்ப?"

"டாக்டர் சொல்றப்ப. அதுவரைக்கும் பசிச்சா வரிசையில வந்து நில்லுங்க."

வந்து நின்றாரே. தினமும் நின்றார், எனக்குப் பின்னால்தான். கடைக்கு ஒரு சொட்டு எடுத்துப் போகக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டதால் அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போவார்.

நாட்கள் ஓடின. தையல் ஆறியது. அண்ணி படுக்கையில் இருந்தபடியே அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். "பிடி இல்லைங்க. ரெண்டு விரல். ரெண்டே விரல்."

லீவு முடிகிற நாளில் நாங்கள் பாத்திரங்களோடு நின்றோம். கதவு திறக்கவில்லை. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பால் பாத்திரம். அண்ணன் உப்பை இரண்டு விரலால் எடுத்து, மருந்து போடுகிற மாதிரி போட்டார். கிண்ணத்தில் ஊற்றினார். சரியாக ஒரே கிண்ணம். அண்ணி தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், ஊதி ஊதிக் குடித்தாள், கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

எங்களுக்குச் சொட்டு மிச்சமில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் எனக்குப் பின்னால் நின்ற முதலாளி.

"அவ்வளவுதான். எழுந்துட்டா" என்றேன்.

இரண்டு பேரும் காலிப் பாத்திரத்தோடு படி இறங்கினோம். ஒருத்தி குணமானதற்கு அவ்வளவு வருத்தப்பட்ட ஆட்களை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள், கண்ணுகளா.