கல்லுத்தம்பி வராத பயணம்

"ஒன்பது மணித்தியாலம் காரோடிப் போய்ப் புல்லுப் பாக்கோணுமோ?" என்று சிவகரன் கேட்டபோது கீர்த்திகா தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மகள் தாரிகா தகப்பனின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் நுவரெலியா மலைப்பக்கத்து ஹோட்டன் சமவெளி. வெள்ளையாக உறைந்த புல்வெளியின் நடுவே ஒரு மரைமான் நின்றது.

"புல்லில்லையப்பா, ஐஸ்! புல்லிலை ஐஸ்!"

"எங்கடை பிரிட்ஜுக்குள்ளையும் ஐஸ் கிடக்கு. போய்த் திறந்து பார்."

"போங்கோப்பா! நானும் அம்மாவும் கல்லுத்தம்பியும் பஸ்ஸிலை போவம்."

கீர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பேராகப் புறப்பட்டால் போன காரியம் சரிவராது என்பது பண்டத்தரிப்பில் அவள் பிறந்த வீட்டு வழக்கம். நாலாவது ஆளாக ஒரு கல்லையாவது பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கொக்குவிலுக்கு வாழ வந்து, தாரிகா பிறந்து, வீட்டில் மூன்று பேர் என்றான பிறகு கிணற்றுக்கட்டில் உள்ளங்கை அளவில் ஒரு கல் குடியேறியது. தனிப்பிள்ளையான தாரிகா அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள். நல்லூர்த் திருவிழாவுக்கும் கீரிமலைக்கும் அவன் போய் வந்திருக்கிறான். "உவருக்கும் அரை டிக்கெட் எடுக்கோணுமோ?" என்று சிவகரன் ஒவ்வொரு முறையும் நக்கலடிப்பான்.

கலியாணம் முடிந்த கையோடு நுவரெலியா போவதாக இருந்தது. சிவகரனின் சித்தப்பா செத்துத் துடக்கு வந்தது. பிறகு தாரிகா வயிற்றில். பிறகு கார் இல்லை. கார் வந்தபோது அவனுக்கு அலுப்பும் வந்துவிட்டது. கீர்த்திகா ஐஸுக்கு ஆசைப்படவில்லை. குளிர் என்று ஒரு சாட்டு இருந்தால் இந்த மனிசனோடு கொஞ்சம் ஒட்டி நடக்கலாம். ஒரு வருஷமாக வீட்டுக்குள் ஒரு வாடகைக்காரனைப்போலச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவன், அப்படி நடந்தால் ஒருவேளை இளகுவான். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"இஞ்சருங்கோ, இந்த ஒருக்காத்தானே. பிள்ளை கேக்கிறாள்."

சிவகரன் கோப்பையைத் தள்ளிவைத்தான். காப்புறுதி அலுவலகத்தில் ஆட்களுக்கு விளங்கப்படுத்தும் அதே குரல் வந்தது.

"நான் சொல்லுறன் கேளும். முதல்நாளே போய் எங்கையும் தங்கோணும். விடியமுன்னம் எழும்பி ஓடோணும். ஒன்பதரை தாண்டினால் உலக முடிவு எண்டுற அந்த மலைவிளிம்பிலை முகில் வந்து மூடிப்போடும், வெள்ளை வேட்டி கட்டி மறைச்ச மாதிரி. ஒரு மண்ணும் தெரியாது. வாசலிலை பையளைக் கிண்டி பிஸ்கற் சுத்தின பொலித்தீனையும் உரிச்செடுத்துப்போடுவாங்கள். அந்தக் காத்துக்கு உதடெல்லாம் வெடிச்சுப்போம். திரும்பி வரேக்கை ஒரு ஏத்தம் இருக்கு, உங்களுக்கு ஏலாது. கையைப் பிடிச்சு இழுக்கோணும், இப்பிடி..."

வலது கை மேசைக்கு மேலாக நீண்டு காற்றைப் பிடித்தது. விரல்கள் இறுகவில்லை. ஒரு சின்னக் கைக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டு மெல்ல மூடின. பெருவிரல் மட்டும் தன்பாட்டில் அசைந்து எதையோ தடவியது.

"அப்பா, நீங்கள் போனனீங்களோ?"

கை மேசைக்கடியில் போயிற்று. "யூடியூப்பிலை பாத்தனான்."

தோசை கருகி மணந்தது. போன தை மாதம் கொழும்பில் பயிற்சி என்று போய், உதடு வெடித்துத்தான் அவன் வந்திருந்தான். மண்டபத்து ஏசிக் காற்று என்றான். ஒரு கிழமை அவள்தான் படுக்கப் போகுமுன் அந்த உதட்டில் பசுநெய் தடவிவிட்டாள். அலுவலக நண்பர்களோடு போயிருந்தால் அவன் ஒளித்திருக்க மாட்டான். வவுனியாவுக்குப் போய் வந்தாலே அந்தக் கதையை ஒரு மாதம் சொல்லுகிறவன். இந்தப் பயணத்தை ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

அவள் கருகிய தோசையைச் சுரண்டினாள். அந்த ஒன்றும் கேட்காத முதுகைச் சிவகரன் பார்த்துக்கொண்டிருந்தான் போல. கைகழுவி வந்து, "சரி, பிள்ளை ஆசைப்படுறாள். போவம்" என்றான்.

தாரிகா துள்ளிக் குதித்தாள். கலியாண நாளிலிருந்து கீர்த்திகா காத்திருந்த சொல் அது. இப்படித்தான் வந்தது, பயத்தில் நீட்டிய கைலஞ்சம் மாதிரி.

இப்போது யோசிக்க வேண்டியவள் அவளானாள். புருஷன் சந்தோஷமாக இருந்த இடத்தைப் பார்ப்பதற்கு ஒன்பது மணித்தியாலம் போகவேண்டுமா? போகாமல் விட்டால் அந்த ஏற்றம் இந்தக் குசினிக்குள்ளேயே கிடக்கும். தேங்காய் திருவும்போதும் அதில் யாரோ ஏறிக்கொண்டிருப்பார்கள். போனால் அது வெறும் மண்ணும் கல்லும்தான் என்று கண்ணால் காணலாம். காணத்தான் வேண்டுமா என்று தெரியாமலே அவள் மூன்று ஸ்வெற்றர் மடித்து வைத்தாள்.

புறப்பட்ட அன்று திருவெம்பாவைக்காரரின் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையைக் கடந்து ஓய்ந்திருந்தன. இன்னும் வெளிக்கவில்லை. சிவகரன் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக எல்லாம் செய்தான். பைகளை ஏற்றினான், அவளுக்குக் கதவு திறந்துவிட்டான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும், "கல்லை எடுத்தனீரோ?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவனாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இல்லை."

"ஏன்? மூண்டு பேரெல்லே போறம்."

கீர்த்திகா இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினாள். "அங்கை அந்த ஏத்தத்திலை நீங்கள் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போன ஆள் நிப்பா. அவவோடை நாலு."

"ஆரம்மா அங்கை?" என்றாள் தாரிகா பின்னாலிருந்து. அவள் இப்போதே கழுத்தில் கம்பளித்துணி சுற்றியிருந்தாள். "அம்மா, தம்பி வரேல்லையோ? அப்பா, ஆரப்பா?"

சிவகரனின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. முன்விளக்கு வெளிச்சம் விழுந்த கிணற்றுக்கட்டில், பனியில் நனைந்து, கல்லுத்தம்பி அவர்களைப் பார்த்தபடி இருந்தான்.